ஜெட் படகு ஸ்டீயரிங்கில் ஆட்டம்: புஷ்ஷா, கேபிளா, ஹைட்ராலிக்கா?

வீலை இடப்பக்கம் இரண்டு விரல்கடை திருப்பினாலும் படகு கேட்பதில்லை, வலப்பக்கம் இரண்டு விரல்கடை திருப்பினாலும் கேட்பதில்லை. மூன்றாவது விரல்கடையில் திடீரென்று மூக்கைத் திருப்பிக்கொண்டு போகிறது. ஜெட் படகு ஓட்டுகிறவர்கள் பலர் இதைப் பழகிக்கொள்கிறார்கள். நேராகப் போவதற்கே வீலை அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், "ஜெட் என்றால் அப்படித்தான்" என்பார்கள். வீல் திரும்பியும் படகு கேட்காத இந்த வெற்று நகர்வுதான் ஆட்டம். அவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தேய்மானம், அதைச் சரிசெய்ய முடியும்.

எதை மாற்றிச் சரிசெய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். போல்ட்டை இறுக்கினால் போதும் என்பார் ஒருவர். கேபிளை மாற்று என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெய் அழுத்தத்தால் திருப்பும் ஹைட்ராலிக் போடு என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு படகுக்குச் சரியாக இருக்கும். உங்கள் படகுக்கு எது சரி என்பதை, ஆட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் சொல்ல முடியும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் படகின் கடைசி ஒரு முழத்தில்தான் இருக்கிறது. பணமோ முன்னாலிருக்கும் வீலுக்கும் நடுவிலிருக்கும் கேபிளுக்கும் போகிறது.

ஜெட் படகில் இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது

மற்றப் படகுகளில் சுக்கான் இருக்கும், அல்லது அவுட்போர்டு மோட்டாரின் கால் அந்த வேலையைச் செய்யும். ஜெட் படகில் இரண்டுமே கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை இம்பெல்லர் என்கிற உள்விசிறி உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது. பீய்ச்சும் நாசில் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகப் படகின் பின்பகுதி தள்ளப்படுகிறது. 1950களில் நியூசிலாந்தில் வில்லியம் ஹாமில்டன், ஆழமில்லாமல் கல்லும் மணலுமாகப் பிரிந்தோடும் ஆறுகளில் போவதற்கென்றே இந்த வகைப் படகை உருவாக்கினார். அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காததுதான் அதன் பலம். அதே காரணத்தால், தண்ணீருக்குள் நின்று படகை நேராகப் பிடித்து வைக்கவும் எதுவும் இல்லை. திசைக்கு முழுப் பொறுப்பும் அந்த நாசில்தான். நாசில் ஒரு டிகிரி ஆடினால் படகும் ஆடும்.

வளைவில் திரும்பும்போது நீரின் வேகம் நாசிலை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இணைப்புகளில் உள்ள இடைவெளி எல்லாம் ஒருபுறமாக ஒதுங்கிவிடுவதால் ஆட்டம் தெரியாது. நேராகப் போகும்போது எந்தப் பக்கமும் அந்தத் தள்ளல் இல்லை. நாசில் அந்த இடைவெளிக்குள் இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருக்கும். "திருப்பத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, நேராகத்தான் போகமாட்டேன் என்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது ஆட்டத்தின் அடையாளம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஐடிலில், மெதுவாகப் போகும்போது ஜெட் படகு கொஞ்சம் அலையத்தான் செய்யும். பீய்ச்சல் குறைவாக இருக்கும்போது திருப்பும் சக்தியும் குறைவு. திராட்டிலிலிருந்து, அதாவது வேகம் கூட்டும் பிடியிலிருந்து, கையை முழுதாக எடுத்துவிட்டால் வீலைத் திருப்பியும் பயனில்லை. இது படகின் இயல்பு. புது புஷ்ஷோ (தண்டையோ முளையையோ சுற்றி உட்காரும் உருளை உறை) புது கேபிளோ இதை மாற்றாது. அதேபோல் படகு எப்போதும் ஒரே பக்கமாக இழுத்தால், அதுவும் ஆட்டம் அல்ல. நாசில் நடுவில் நிற்கவில்லை, அல்லது பின்னால் போவதற்காகப் பீய்ச்சலை முன்பக்கம் திருப்பும் ரிவர்ஸ் பக்கெட் முழுதாக மேலே ஏறாமல் பீய்ச்சலின் ஓரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்வது வேறு வேலை. படகு நடுத்தர வேகத்தில் போகும்போதும் வீலின் நடுப்பகுதி செத்துக் கிடந்தால்தான் மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

படகை டிரெய்லரில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். கை வைக்கப்போவது நாசிலுக்குள், அதனால் இதில் சலுகை வேண்டாம். வீலின் விளிம்பில் ஒரு டேப் துண்டு ஒட்டி, டேஷ்போர்டில் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் நாசிலைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வீலை மெதுவாகத் திருப்பட்டும். நாசில் அசையத் தொடங்கும்போது நிறுத்தச் சொல்லி, டேப் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கம். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருப்பதுதான் மொத்த ஆட்டம்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. வீலை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னால் போய் நாசிலைக் கையால் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். இன்னொரு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஓர் இணைப்பின் இரு பாகங்களையும் ஒரே நேரத்தில் தொடும்படி வையுங்கள். பாதி விரல் போல்ட்டில், பாதி விரல் அதைப் பிடித்திருக்கும் துண்டில். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் அந்த இணைப்பு நல்லது. ஒன்று நகர்ந்து மற்றது நின்றால், அந்த "டொக்" விரலில் தெரியும். கண்ணைவிட விரல் இதில் கெட்டி, அரை மில்லிமீட்டரைக்கூடப் பிடித்துவிடும்.

பின்னாலிருந்து முன்னால் வரிசை இப்படிப் போகும்: நாசிலை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரண்டு முளைகளும் அவற்றின் புஷ்களும், நாசிலைத் திருப்பும் கவை அல்லது பால் ஜாயிண்ட் (உருண்டை இணைப்பு), சில ஜெட்களில் படகின் பின்பலகையைத் துளைத்து உள்ளே வரும் ஸ்டீயரிங் தண்டும் அதன் புஷ்களும், தண்டின் மேல் ஏறியிருக்கும் ஸ்டீயரிங் ஆர்ம், ஆர்மையும் கேபிளையும் சேர்க்கும் ராட் எண்ட் (கூட்டுக்குள் உருண்டை உள்ள முனைத் துண்டு), கேபிளின் வெளியுறையைப் பிடித்திருக்கும் பிராக்கெட், கேபிள், கடைசியாக வீலுக்குப் பின்னாலிருக்கும் கியர்பெட்டி. இரட்டை ஜெட் என்றால் இரண்டு நாசிலையும் சேர்க்கும் குறுக்குத் தண்டில் இன்னும் இரண்டு இணைப்புகள் உண்டு.

என் படகில் கேபிள் போய்விட்டது என்று முடிவு செய்து, அதைக் கழற்றப் போனேன். ராட் எண்ட் போல்ட்டை உருவி எடுத்தபோது ஸ்டீயரிங் ஆர்மின் துளை கண்ணில் பட்டது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. துளையின் இரண்டு ஓரங்களிலும் அலுமினியம் கண்ணாடி போலப் பளபளத்தது. போல்ட்டைத் திரும்ப உள்ளே விட்டு ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. ஆட்டத்தின் பெரும்பகுதி அந்த ஒரு துளையில்தான். கேபிள் நன்றாகவே இருந்தது.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். வீலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்ப இரண்டு சுற்று ஆகிறது, அதற்குள் கேபிள் முனை 100 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ராட் எண்டில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் வீலில் அது 7 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 340 மி.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் கிட்டத்தட்ட 2 செ.மீ. பின்னால் ஒரு மில்லிமீட்டர், கையில் இரண்டு சென்டிமீட்டர். இப்படி மூன்று இணைப்பில் தலா ஒரு மில்லிமீட்டர் சேர்ந்தால் நீங்கள் புலம்பும் ஆட்டம் வந்துவிடும்.

இன்னொன்று: நாசிலின் அச்சுக்கு அருகில் உள்ள தேய்மானம் கூடுதலாகக் கெடுக்கும். அச்சிலிருந்து 40 மி.மீ. தொலைவில் உள்ள கவையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம், 100 மி.மீ. நீளமுள்ள ஆர்மின் நுனியில் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சமம். அதனால்தான் பின்னாலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இறுக்குவது: எப்போது போதும், எப்போது போதாது

செலவில்லாத வழி என்பதால் இதை முதலில் பார்த்துவிட வேண்டும். தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் ஆர்மின் போல்ட் தளர்ந்திருக்கலாம். ராட் எண்டின் லாக் நட் கழன்றிருக்கலாம். பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு: கேபிளின் வெளியுறையைப் பிடித்திருக்கும் பிராக்கெட். கேபிள் வேலை செய்வதே, வெளியுறை நிற்க உள்கம்பி மட்டும் நகர்வதால்தான். வெளியுறையும் சேர்ந்து 2 மி.மீ. நகர்ந்தால் அந்த 2 மி.மீ. நாசிலுக்குப் போகவே போகாது. வீலை ஒருவர் சட்டென்று திருப்பும்போது பிராக்கெட்டைக் கவனியுங்கள். அது துள்ளினாலோ, அது பதிந்திருக்கும் பலகையே வளைந்து கொடுத்தாலோ, பின்னால் ஒரு தடித்த அலுமினியத் தகடு வைத்துப் போல்ட் போட்டால் தீர்ந்தது. இப்படி ஒரு தகட்டிலேயே பாதி ஆட்டம் போன படகைப் பார்த்திருக்கிறேன்.

தளர்ந்ததை இறுக்கலாம், ஆனால் தேய்ந்ததை இறுக்கக் கூடாது. தேய்ந்த பால் ஜாயிண்டைப் பிதுக்கி இறுக்குவது, முளைக்கு வாஷர் மேல் வாஷர் போட்டு நெரிப்பது, கெட்டிக் கிரீஸை அடைப்பது எல்லாம் இரண்டு ஓட்டத்துக்குத்தான் தாங்கும். அதைவிட மோசம், இணைப்பு இறுகிப் போய் நாசில் திருப்பிய இடத்திலேயே மாட்டிக்கொள்வது. தளர்ந்த ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு கரை சேரலாம். மாட்டிக்கொண்ட ஸ்டீயரிங்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ராட் எண்டும் ஆர்மும்

விரல் சோதனையில் ராட் எண்ட் சிக்கினால் யோசிக்காமல் மாற்றுங்கள். சின்னப் பொருள், சின்னச் செலவு, உடனே வித்தியாசம் தெரியும். ஆனால் கையில் கிடைத்த தொழிற்சாலை ராட் எண்டையோ கார் பாகத்தையோ போட வேண்டாம். சாதாரண எஃகில் செய்தது நீரில் சீக்கிரம் துருப்பிடித்து, உருண்டை தன் கூட்டுக்குள்ளேயே இறுகிவிடும். துருப்பிடிக்காத எஃகு உடலும், உள்ளே டெஃப்லான் பட்டையும் உள்ளது நல்லது.

மரையில் ஏறும் நீளமும் முக்கியம். மரையின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே ஏறியிருக்க வேண்டும், அதற்கு மேல் லாக் நட். சரியான நடுநிலை வருவதற்காகக் கடைசி நான்கு மரையில் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கும். ராட் எண்டுக்கு வெளிப்பக்கம் ஓர் அகல வாஷரும் போடுங்கள். நாளைக்கு உருண்டை கூட்டை விட்டு வந்துவிட்டாலும், வாஷர் அதைப் போல்ட்டிலிருந்து நழுவவிடாது. நட் நைலான் பூட்டுள்ளதாகவோ ஸ்பிளிட் பின் போடக்கூடியதாகவோ இருக்கட்டும்.

ஆர்மின் துளை முட்டையாகியிருந்தால் புது ராட் எண்ட் போட்டும் பயனில்லை. இரண்டு வழி உண்டு: புது ஆர்ம், அல்லது துளையை வட்டமாகப் பெரிதாக்கி எஃகு அல்லது வெண்கலப் புஷ் ஒன்றை இறுக்கமாக இறக்குவது. புது ஆர்ம் கிடைக்குமென்றால் என் ஓட்டு அதற்குத்தான். பழைய ஜெட்களுக்குக் கிடைக்காதபோது லேத் பட்டறையில் புஷ் இறக்குவது முழு மதிப்புள்ள வழி, தற்காலிக ஒட்டு வேலை அல்ல. துளையை வெல்டு வைத்து அடைத்து மீண்டும் துளைப்பதை மட்டும் நான் தவிர்ப்பேன். அலுமினிய ஆர்ம் வெல்டின் சூட்டில் மெதுமையாகிவிடும், அந்த இடமோ முழு விசையையும் தாங்கும் இடம்.

புஷ்: மெனக்கெட வேண்டிய இடம்

நாசில் முளைகளின் புஷ்களும் தண்டின் புஷ்களும்தான் பெரும்பாலான ஜெட்களில் முதலில் தேய்கின்றன. மணல் கலந்த தண்ணீர் நாள் முழுக்க அவற்றின் இடுக்கில் புகுந்து உப்புத்தாள் போல அரைக்கிறது. ஆழமில்லாத ஆற்றில் ஓடும் படகென்றால் கேட்கவே வேண்டாம். தண்டு படகுக்குள் வரும் ஜெட்டில் இன்னோர் அறிகுறியும் கிடைக்கும். தண்டு ஆட ஆட, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் தண்ணீரைப் பிடிக்க முடியாமல் விடும். பின்பலகை ஓரம் உள்ளே ஈரம் கசிந்து வழிந்த தடம் இருந்தால், புஷ்ஷை நம்பாதீர்கள்.

எந்தப் பொருளில் புஷ் என்பதுதான் உண்மையான தேர்வு. நைலான் மலிவு, கடையும் எளிது. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். நைலான் 6 முழுதாக ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை நீரை ஏற்றுக்கொண்டு உப்பும். பட்டறையில் கச்சிதமாகப் பொருந்திய புஷ், இரண்டு வாரம் கழித்து நாசிலைப் பிடித்து இறுக்கிவிடும். அதைத் தவிர்க்க இடைவெளியைக் கூட்டிக் கடைந்தால், ஆட்டத்தை நாமே விலைக்கு வாங்கின மாதிரி ஆகிவிடும். அசிட்டால் என்கிற டெல்ரின் வகைப் பிளாஸ்டிக் முழுதாக ஊறினாலும் சுமார் 1 சதவீதம்தான் நீரை ஏற்கும், அளவு பெரிதாக மாறாது, கிரீஸ் இல்லாமலும் வழுக்கும். நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடும் சின்னப் படகுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

வெண்கலம் கனமான விசையைத் தாங்கும், நீண்ட நாள் வரும். பெரிய ஜெட்டுக்கு அதுவே பொருத்தம். ஆனால் அலுமினிய உடலுக்குள் வெண்கலத்தை இறக்கி உப்புத் தண்ணீரில் ஓட்டினால், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். புஷ்ஷின் ஆட்டம் போய், புஷ் உட்கார்ந்திருக்கும் குழியே பெரிதாகிவிடும். நல்ல தண்ணீரில் மட்டும் ஓடுகிறது, கிரீஸ் நிப்பிள் இருக்கிறது, ஒழுங்காகக் கிரீஸ் அடிப்பீர்கள் என்றால் வெண்கலம் சரி. இல்லையென்றால் அசிட்டாலே மேல். எஃகு முளை அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் இதே அரிப்பு உண்டு, அதனால் மாட்டும்போது மரையிலும் முளையிலும் அரிப்புத் தடுப்புப் பசை பூசிவிடுங்கள்.

புஷ் மாற்றும்போது முளையையும் மைக்ரோமீட்டரிலோ வெர்னியரிலோ அளந்துவிட வேண்டும். முளையே ஒரு பக்கம் தேய்ந்து பள்ளமாகியிருந்தால், புதுப் புஷ்ஷுக்குள்ளும் அது லொடலொடக்கும். தேய்ந்த முளை, புதுப் புஷ் என்ற கூட்டணி எனக்குத் தெரிந்து ஒரு பருவம் தாண்டியதில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றினால், சுமார் 0.1 மி.மீ. இடைவெளியில் நாசில் ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் குலுக்கினால் சத்தம் வராது. வேண்டியது அந்த நிலைதான்.

கேபிள்: வளைவு தின்னும் மில்லிமீட்டர்கள்

பின்பக்க இணைப்புகள் எல்லாம் சுத்தம், வெளியுறை அசையவில்லை, வீலைத் திருப்பும்போது கேபிளின் முனைக்கம்பி மட்டும் தாமதமாகப் புறப்படுகிறது என்றால் கேபிள்தான். இதை ரிப்பேர் செய்ய முடியாது. உள்ளே எண்ணெய் விடுவது, ஊசியால் கிரீஸ் ஏற்றுவது எல்லாம் கொஞ்ச நாள் லேசாக்கும், ஆட்டத்தைக் குறைக்காது. முனைக்கம்பி துருப்பிடித்திருந்தாலோ, வெளியுறை வெடித்திருந்தாலோ, ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றுங்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டது.

கேபிளில் ஏன் ஆட்டம் வருகிறது என்பது தெரிந்தால் புதுக் கேபிளையும் நன்றாக அமைக்கலாம். இழுக்கும்போது உள்கம்பி ஒவ்வொரு வளைவிலும் உட்புறச் சுவரை ஒட்டி, குறுக்கு வழியில் போகிறது. தள்ளும்போது வெளிப்புறச் சுவருக்கு ஒதுங்கி, சுற்று வழியில் போகிறது. இரண்டு வழிக்கும் உள்ள நீள வித்தியாசம்தான் ஆட்டம். கணக்கு எளிது: எல்லா வளைவுகளின் டிகிரியையும் கூட்டி, 57-ஆல் வகுத்து, கம்பிக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் பெருக்க வேண்டும். மூன்று செங்கோண வளைவு என்றால் 270 டிகிரி. தேய்ந்த கேபிளில் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் ஆட்டம் சுமார் 2.4 மி.மீ. மேலே போட்ட கணக்குப்படி வீலில் 17 டிகிரி. அதே படகில் இடைவெளி 0.2 மி.மீ. உள்ள புதுக் கேபிளை இரண்டு செங்கோண வளைவோடு ஓட்டினால் ஆட்டம் 0.6 மி.மீ. சொச்சம், வீலில் நாலரை டிகிரி.

கவனியுங்கள், இந்தக் கணக்கில் வளைவு எவ்வளவு பெரியது என்பது வரவேயில்லை. மொத்தம் எத்தனை டிகிரி என்பது மட்டும்தான் வருகிறது. இடப்பக்கம் வளைந்து வலப்பக்கம் வளைந்தால் ஒன்றையொன்று கழிக்காது, இரண்டும் கூடும். அதனால் பெட்ரோல் டேங்கைச் சுற்றி, பேட்டரியைச் சுற்றி, அழகாகப் பாம்பு போல ஓட்டிய கேபிள், புதிதாக இருந்தாலும் கொஞ்சம் ஆடும். நெருக்கமான வளைவு வேறு விதத்தில் கெடுக்கும்: உராய்வைக் கூட்டி, திருப்பக் கனமாக்கி, உறையைச் சீக்கிரம் அறுத்துவிடும். ஆகக் குறைவான வளைவு, இருப்பவையும் அகலமானவை. பழைய கேபிளின் நீளத்தையே கண்மூடித்தனமாக வாங்காமல், புது வழியை ஒரு கயிறு வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். மிச்ச நீளத்தை ஒரு சுருளாகச் சுற்றிக் கட்டினால் அந்தச் சுருளே 360 டிகிரி.

வீலுக்குப் பின்னாலிருக்கும் பெட்டி

கேபிள் வாங்கும்போது இந்தக் கேள்வி கூடவே வரும். கியர்பெட்டி பெரும்பாலும் இரண்டு வகை. வட்டமாகச் சுழன்று கேபிளைத் தள்ளும் ரோட்டரி, நேர்ப்பல் தண்டை நகர்த்தும் ரேக். ரேக் வகையில் கை உணர்வு இறுக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் அதற்கு நீளமான இடம் வேண்டும். இருக்கிற பெட்டியில் வீலைத் திருப்பும்போது கேபிளின் முன்முனை உடனே புறப்படுகிறதென்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம். கேபிளும் பெட்டியும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடல்பொருள் தரத்துக்கு, கேபிள் வகை ஸ்டீயரிங் என்றால் ஐ.எஸ்.ஓ. 8848, ஹைட்ராலிக் என்றால் ஐ.எஸ்.ஓ. 10592 என்ற குறிப்பைத் தேடுங்கள்.

கடையில், கையை எடுத்தாலும் வீல் நின்ற இடத்தில் நிற்கும் 'நோ ஃபீட்பேக்' பெட்டியைச் சிபாரிசு செய்யக்கூடும். அது புரொப்பெல்லரின் முறுக்கு விசை வீலை இழுப்பதைத் தடுக்க உருவானது. ஜெட் நாசிலில் அந்த முறுக்கு வராது. உள்ளே இருக்கும் பூட்டு விடுபடுவதற்கு அந்தப் பெட்டியே கொஞ்சம் ஆட்டம் கேட்கும். ஆட்டத்தைப் போக்க வந்தவருக்கு அது வேண்டாத செலவு.

ஹைட்ராலிக்: யாருக்கு, யாருக்கு வேண்டாம்

ஹைட்ராலிக் போட்டால் கேபிளின் வளைவுக் கணக்கு முழுவதும் போய்விடும். எண்ணெய்க்குக் குழாய் எத்தனை தரம் வளைந்தாலும் கவலையில்லை. நீளமான படகு, இரட்டை ஜெட், இரண்டு இடத்தில் வீல் வேண்டும், கேபிளை நேராகக் கொண்டுபோக வழியே இல்லை என்றால் ஹைட்ராலிக்தான் சரி. வேலைக்கு ஓடும் பெரிய ஜெட் படகுகளில் அதுதான் வழக்கம்.

ஆனால் ஹைட்ராலிக் பம்பும் சிலிண்டரும் வருவது ஆர்மின் நுனி வரைதான். அதற்குப் பின்னால் இருக்கும் புஷ், முளை, கவை எல்லாம் அப்படியே இருக்கும். தேய்ந்த புஷ்ஷோடு ஹைட்ராலிக் போட்ட படகு, செலவுக்குப் பிறகும் அலையும். எண்ணெயில் காற்று தங்கியிருந்தால் வீல் மெத்தையாக இருக்கும், அதுவும் ஆட்டம் போலவே தோன்றும்.

இன்னும் இரண்டு விஷயம் ஜெட்டுக்கென்றே யோசிக்க வேண்டியவை. ஒன்று, சுற்றுகளின் எண்ணிக்கை. சிலிண்டர் 120 சி.சி., பம்ப் ஒரு சுற்றுக்கு 30 சி.சி. தள்ளுகிறது என்றால் முனைக்கு முனை நான்கு சுற்று. கேபிளில் இரண்டு சுற்றுக்குப் பழகியவருக்கு, பாறைக்கு நடுவில் திருப்பும்போது அது நிரம்ப மெதுவாக இருக்கும். 40 சி.சி. பம்ப் போட்டு மூன்று சுற்றாக்கலாம், திருப்புவது அந்த அளவுக்குக் கனக்கும். இரண்டு, நடுநிலை. கேபிளில் வீலைப் பார்த்தாலே நாசில் எங்கே நிற்கிறது என்று தெரியும். ஹைட்ராலிக்கில் எண்ணெய் சிறிது சிறிதாக நழுவுவதால் வீலின் நடுவும் நாசிலின் நடுவும் நாளடைவில் விலகிப் போகும். சுக்கான் இல்லாத படகில், திராட்டில் கொடுக்கும் முன்பே நாசில் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருப்பது பெரிய விஷயம். ஒற்றை ஜெட் உள்ள சின்ன ஆற்றுப் படகுக்கு நான் ஹைட்ராலிக்கைச் சொல்லமாட்டேன். போட்டே ஆக வேண்டுமென்றால் நாசில் நிலையைக் காட்டும் ஒரு மீட்டரையும் சேர்த்துப் போடுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒற்றை ஜெட், சின்னப் படகு, சில வருடம் ஓடியது என்றால் நான் செய்வது இது: பிராக்கெட்டை உறுதிப்படுத்தி, ராட் எண்டை மாற்றி, புஷ்ஷையும் முளையையும் சேர்த்து அசிட்டாலும் துருப்பிடிக்காத எஃகுமாக மாற்றி, மறுபடி அளப்பேன். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். மிச்சம் இருந்தால்தான் கேபிள், அதையும் குறைந்த வளைவுள்ள புது வழியில். பெட்டி நன்றாக இருந்தால் பெட்டி அப்படியே இருக்கட்டும்.

படகு புதிதாகக் கைக்கு வந்தது, கேபிளின் வயது தெரியவில்லை, முனைக்கம்பியில் துரு இருக்கிறது என்றால் வரிசையை மாற்றுவேன். அங்கே ஆட்டம் இரண்டாம் பட்சம், அறுந்துபோகக்கூடிய கேபிள்தான் முதல் ஆபத்து. பின்பக்கத்தைத் தொடுவதற்கு முன் கேபிளை மாற்றுவேன்.

இரட்டை ஜெட் என்றால் குறுக்குத் தண்டின் இரண்டு இணைப்புகளையும் முதலில் பாருங்கள். இரண்டு நாசிலும் இணையாக நிற்காவிட்டால், ஆட்டம் ஒன்றுமே இல்லாத ஸ்டீயரிங்கும் அலைவது போலத் தெரியும்.

பட்ஜெட் நெருக்கடி என்றால் ராட் எண்டையும் புஷ்ஷையும் ஒன்றாகச் செய்துவிட்டுக் கேபிளை அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம், துரு இல்லாத பட்சத்தில். தலைகீழாகச் செய்வதை, அதாவது புதுக் கேபிளை வாங்கிவிட்டு ஆடும் புஷ்ஷை விட்டுவைப்பதைச் செய்யாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வீலை நடுவில் வைத்து, நாசில் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்புகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ராட் எண்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முழு இடம், முழு வலம் திருப்பி, ரிவர்ஸ் பக்கெட்டை ஏற்றியும் இறக்கியும், எதுவும் எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத திறந்த நீரில் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிப் பாருங்கள். தொட்ட ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பத்து மணி நேரம் ஓடிய பிறகு பின்னால் எட்டிப் பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், எந்த நட் தளர்கிறது என்று ஸ்பேனரை எடுக்காமலே தெரிந்துவிடும்.